வீல்சேரில் பரதம், செயற்கைக் காலில் ஜதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடன வகுப்பு நடத்துபவர்களிடமும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். பரதநாட்டியத்தைத்தான் அதிகம் பேசியிருக்கிறேன், எனக்கு நெருக்கமான கலை அதுதான்.

காலே அசையாத ஒருவர் எப்படி நடனம் ஆட முடியும்?

நடனம் என்றால் கால்வேலை என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம். சலங்கை சத்தம் கேட்டால்தான் ஆட்டம் நடக்கிறது என்று நம்புகிறோம். ஆனால் பரதம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடம் செய்யும் நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன இலக்கண நூலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கை போகும் இடத்துக்குக் கண் போகும், கண் போகும் இடத்துக்கு மனம் போகும், மனம் போகும் இடத்தில் பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு), பாவம் இருக்கும் இடத்தில் ரசம் (பார்ப்பவர் பெறும் சுவை). இந்தப் புகழ்பெற்ற சுலோகத்தில் கால் எங்கே வருகிறது? வரவே இல்லை.

அதே நூல் தலையசைவு ஒன்பது, பார்வை எட்டு, கழுத்தசைவு நான்கு, ஒற்றைக் கை முத்திரை இருபத்தெட்டு என்று கணக்குச் சொல்கிறது. இவை அத்தனையும் உட்கார்ந்தபடி செய்யக்கூடியவை. கதக் கலைஞர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தும்ரி என்ற பாட்டின் ஒரு வரியைப் பலவிதமாக விரித்துக் காட்டும் மரபை இன்றும் வைத்திருக்கிறார்கள். அதை நடனமில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒரு மூத்த கலைஞர் உட்கார்ந்து, முகத்தாலும் கையாலும் கருத்தைக் காட்டும் அபிநயம் பிடித்தால் பக்குவம் என்கிறோம். நடக்க முடியாத பெண் அதையே செய்தால் 'பாவம், முடிந்ததைச் செய்கிறாள்' என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நம் பார்வை மட்டும்தான்.

அபிநயம் சரி. அரைமண்டி, அடவு? அவை இல்லாமல் அது பரதமாகுமா?

இதுதான் நியாயமான கேள்வி, ஆசிரியர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். முழங்கால்களை இரு பக்கமும் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டிதான் நம் நடனத்தின் இருப்பு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'இதுவும் பரதம்தான்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அரைமண்டி எதற்காக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உடம்பின் எடையைத் தரைக்கு அருகே கொண்டுவருகிறது, முதுகை நிமிர்த்துகிறது, இரண்டு பக்கமும் சமமான கோணங்களை உண்டாக்குகிறது. வீல்சேரில் உட்கார்ந்திருப்பவரின் எடை ஏற்கெனவே கீழேதான் இருக்கிறது. இடுப்பு சரியாமல், முதுகு பின்னால் சாயாமல், முழங்கைகளைத் தோள் மட்டத்தில் நிறுத்தி நாட்டியாரம்பம் என்ற தொடக்கக் கைநிலையைப் பிடித்தால் அந்தக் கோணங்கள் அப்படியே தெரியும். அதற்கு வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை, ஒரு நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து பத்து நிமிடம் கையை அந்த உயரத்தில் வைத்துப் பார்த்தால் நீங்களே உணர்வீர்கள்.

ஆட்டத்தின் அடிப்படை அசைவான அடவுக்கு வருவோம். 'தெய்யா தெய்' என்று தட்டடவு தொடங்கும்போது பாதம் செய்வது தாளத்தைக் கேட்கும்படி செய்வது. அதையே உள்ளங்கையால் தொடையில் தட்டலாம், கைப்பிடியில் தட்டலாம், சலங்கையை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். ஒரு கால் மட்டும் அசையும் மாணவர் அந்த ஒரு காலால் தட்டலாம். முதல், இரண்டாம், மூன்றாம் காலம் என்ற மூன்று வேகமும் சுத்தமாக வர வேண்டும். அதில் சலுகை தரக் கூடாது.

உண்மையான சிக்கல் வேறு ஒன்று. சக்கரத்தைத் தள்ளவும் கை வேண்டும், முத்திரை பிடிக்கவும் கை வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. பழகியவர்கள் கண்டுபிடித்த வழி, தள்ளுவதையும் தாளத்துக்குள் கொண்டுவருவது. ஆதி தாளத்தின் சமத்தில், அதாவது அது தொடங்கும் முதல் தட்டில், ஒரே வலுவான தள்ளு, பிறகு நாற்காலி தானாக வழுக்கிப் போகும் நேரத்தில் கைகள் விடுதலை. அந்த இடைவெளியில் முத்திரை, கண், கழுத்து எல்லாம் வந்துவிட வேண்டும். ஒரு சக்கரத்தை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுற்றலாம். அந்தச் சுழற்சியின் வேகம் நின்று ஆடுபவருக்கு எளிதில் வராது. அந்த வழுக்கலும் நின்று ஆடுபவரிடம் இல்லாத ஒன்று. அதை அழகாகப் பயன்படுத்துவது எப்படி என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் இது ஈடுகட்டும் வேலையாக இல்லாமல் நடன அமைப்பாக மாறுகிறது.

சாத்திரமே உடல் குறை உள்ளவர்கள் ஆடக் கூடாது என்கிறதே?

அபிநய தர்ப்பணம் ஆடத் தகாதவர்கள் என்று ஒரு பட்டியல் தருவது உண்மைதான். மறைக்க வேண்டியதில்லை. கண்ணில் பூ விழுந்தவர், முடி குறைந்தவர், உதடு தடித்தவர், மிகவும் பருத்தவர், மிகவும் மெலிந்தவர், மிக உயரமானவர், மிகக் குள்ளமானவர், கூன் விழுந்தவர், குரல் நன்றாக இல்லாதவர் என்று அது போகிறது. இதை அப்படியே கடைப்பிடித்தால் இன்றைய சபாக்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? உயரமானவர்களும் மெலிந்தவர்களும் பாடத் தெரியாதவர்களும் மேடையேறிப் பல காலம் ஆகிறது. அவர்களுக்காக நாம் மௌனமாகத் தளர்த்திய விதியை, கூன் விழுந்தவருக்கு மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது எந்த நியாயம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இராமாயண நாட்டிய நாடகங்களில் கூனி வரும் காட்சியைக் கவனியுங்கள். நிமிர்ந்த உடல் உள்ள ஒருவர் முதுகை வளைத்து, ஒரு காலை இழுத்து, முகத்தைக் கோணிக்கொண்டு வருவார். அரங்கம் சிரிக்கும். கெட்ட மனத்துக்கு வளைந்த உடலை அடையாளமாக வைத்துப் பழகியிருக்கிறோம். அந்த அரங்கில் வளைந்த முதுகோடு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தால் அவள் என்ன கற்றுக்கொண்டு போவாள்? மந்தரையின் சூழ்ச்சியைக் கண்ணாலும் கையாலும் காட்டத் தெரிந்த கலைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்த நடை தேவையில்லை.

சுதா சந்திரன் செய்தது போல எல்லோராலும் முடியுமா?

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தாலே அடுத்த வரி அவர் பெயர்தான். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். 1981 மே மாதம் திருச்சி அருகே பேருந்து விபத்தில் காலில் அடிபட்டது. முதலில் சரியான சிகிச்சை கிடைக்காமல் புண் அழுகியதால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, வலியோடு மீண்டும் பழகி, 1984 ஜனவரியில் மும்பையில் மேடையேறினார். 1985இல் அவர் கதை தெலுங்கில் 'மயூரி' என்று படமானது, அவரே நடித்தார். அதற்குத் தேசிய விருதில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும் கிடைத்தது.

அந்தச் செயற்கைக் காலைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். அதுவரை இருந்த மேல்நாட்டுக் கால்கள் ஷூ போட்டு நடப்பதற்கானவை. வெறுங்காலில் நடக்கவும், குந்தி உட்காரவும், சம்மணமிடவும் வேண்டிய நம் ஊர் வாழ்க்கைக்கு அவை ஒத்துவரவில்லை. ரப்பர் பாதம் வளைந்துகொடுத்தது. வெறும் பாதத்தோடு தரையில் தட்டி ஆடும் ஒரு கலைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

சரி, எல்லோராலும் முடியுமா? முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவருக்குத் தன் முழங்கால் இருக்கிறது, அரைமண்டி சாத்தியம். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு நிலைமை வேறு, தண்டுவடம் அடிபட்டவருக்கு முற்றிலும் வேறு. ஒருவர் சாதித்ததை மற்றவருக்கு அளவுகோலாக வைப்பது கொடுமை. 'சுதா சந்திரன் ஆடினாரே, உன்னால் ஏன் முடியாது' என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். கால் இல்லாதது வெளியே தெரியாத அளவுக்கு ஆடியதால்தான் நாம் அவரைக் கொண்டாடினோமோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. செயற்கைக் கால் தெரியும்படி, அதன் சத்தம் கேட்கும்படி ஆடினாலும் ரசிக்க நாம் தயாராக வேண்டும்.

அவ்வளவு புகழ் பெற்ற பிறகும் விமான நிலையங்களில் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று 2021இல் அவர் வேதனையோடு வீடியோ வெளியிட்டார். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. கைதட்டல் மட்டும் ஒருவருக்குக் கண்ணியத்தைத் தந்துவிடுவதில்லை.

வெளிநாடுகளில் இது எப்படி வளர்ந்தது?

நாம் நினைப்பதைவிடப் பழைய கதை. அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர் கிளேட்டன் பேட்ஸ், பன்னிரண்டு வயதில் பருத்தி அரைவை இயந்திரத்தில் சிக்கி ஒரு காலை இழந்தார். ஷூவால் தரையில் தட்டித் தாளம் எழுப்பும் டேப் நடனத்தை மரக்காலோடு ஆடினார். ஷூவின் சத்தம் ஒன்று, மரக்காலின் கனத்த சத்தம் இன்னொன்று. இரண்டு சுருதியில் தாளம் போட்டார் என்றே சொல்லலாம். எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருபது முறைக்கு மேல் ஆடியவர். மரக்கால் என்று பொருள்படும் 'பெக் லெக்' என்பதைத் தன் பெயரோடே சேர்த்துக்கொண்டார். 1998 வரை வாழ்ந்தார்.

பிரிட்டனில் செலஸ்ட் டாண்டகர் என்ற நடனக் கலைஞர் 1973இல் மேடையில் ஆடும்போதே விழுந்து கழுத்தில் அடிபட்டு, வீல்சேருக்கு வந்தார். 1991இல் ஆடம் பெஞ்சமினுடன் சேர்ந்து கேண்டோகோ என்ற குழுவைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சம்பளம் வாங்கும் தொழில்முறைக் கலைஞர்களாகச் சேர்ந்து ஆடும் குழு அது. மறுவாழ்வுப் பயிற்சி, சிகிச்சை என்ற சாயல் இல்லாமல், மற்ற குழுக்களைப் போலவே விமர்சிக்கப்பட வேண்டும் என்று நின்றார்கள். அங்கிருந்து வந்தவர்தான் டேவிட் டூல். குழந்தையாக இருந்தபோதே இரண்டு கால்களும் எடுக்கப்பட்டவர். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நடனத்துக்கு வந்து, கைகளால் தரையில் நடந்து, எழும்பி, சுழன்று ஆடினார். 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் அவர் ஆடியதை உலகமே பார்த்தது. 2020இல் மறைந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அலிஸ் ஷெப்பர்டின் கதை. வீல்சேர் பயன்படுத்துபவர், ஐரோப்பிய இடைக்கால இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். ஒற்றைக் காலோடு ஆடிய ஹோமர் அவிலா என்ற கலைஞர் 'நீ ஒரு நடன வகுப்புக்குப் போய்ப் பார்' என்று சவால் விட, போய்ப் பார்த்தவர் வேலையையே விட்டுவிட்டார். கலிபோர்னியாவில் 1987 முதல் இயங்கும் ஆக்சிஸ் குழுவில் ஆடி, 2016இல் கைனெடிக் லைட் என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். அவர்களுடைய ஒரு படைப்பில் மேடை முழுக்க ஒரு பெரிய சாய்தளம். கட்டடத்தின் பின்பக்கம் யார் கண்ணிலும் படாமல் கட்டிவைக்கும் ரேம்ப்பை, வேகமும் சரிவும் சறுக்கலும் கொண்ட ஆடுகளமாக்கிவிட்டார்கள். வீல்சேர் உள்ளவர்களால் மட்டுமே யோசித்திருக்கக்கூடிய மேடை.

இந்தியாவில் சையத் சலாவுதீன் பாஷா பரதமும் கதக்கும் கற்றவர். அவருடைய எபிலிட்டி அன்லிமிடெட் குழு வீல்சேரில் இராமாயணத்தையும் சூஃபி சுழலாட்டத்தையும் மேடையேற்றியிருக்கிறது.

போட்டிகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. பாரா டான்ஸ் ஸ்போர்ட் என்பது 1968இல் சுவீடனில் வீல்சேர் நடனமாகத் தொடங்கியது. 1998இல் சர்வதேச பாராலிம்பிக் குழுவின் கீழ் வந்தது, முதல் உலகப் போட்டியும் அந்த ஆண்டே நடந்தது. ஒருவர் வீல்சேரிலும் மற்றவர் நின்றும் ஆடுவது, இருவரும் வீல்சேரில் ஆடுவது, தனியாக ஆடுவது என்று பிரிவுகள் உண்டு. வால்ட்ஸ், டாங்கோ, சம்பா, ரும்பா போன்ற நடனங்கள்தான். பாராலிம்பிக் போட்டியில் இன்னும் சேர்க்கப்படவில்லை.

உடம்புக்கு ஆபத்தில்லையா? எதைக் கவனிக்க வேண்டும்?

யாருக்கு என்ன பாதிப்பு என்பதைப் பொறுத்தது. மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் பேசிவிட்டுத் தொடங்குங்கள். ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராமல் போகலாம். சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட மொட்டை மாடி வகுப்பு அவர்களுக்கு ஆபத்து. உடல் சூடு ஏறுவது வெளியே தெரியாது. தண்ணீர், மின்விசிறி, ஈரத்துணி கையில் இருக்கட்டும். மார்புப் பகுதியின் மேல்பாதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்குத் திடீரென்று கடும் தலைவலி வந்து முகம் சிவந்தால் அதை அவசரநிலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறி அது. நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, உடனே மருத்துவ உதவி தேடுங்கள். உணர்ச்சி இல்லாத இடங்களில் படுக்கைப் புண் வரும் என்பதால் வகுப்பு நடுவிலும் அடிக்கடி எடையை மாற்றி உட்கார வேண்டும். நகை, ஜரிகை, ஊக்கு எதுவும் அடியில் மாட்டக் கூடாது.

செயற்கைக் கால் உள்ளவர்களுக்கு வியர்வைதான் எதிரி. வகுப்பு முடிந்ததும் கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு சீக்கிரம் மறையவில்லை என்றால் மறுநாள் ஓய்வு. செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் தசைக் கட்டுப்பாடு குறைவது) உள்ள பிள்ளைகளுக்குத் தசை இறுகியிருக்கும், மெதுவான நீண்ட வார்ம்-அப் தேவை. டீச்சர் தாளம் தட்டும் தட்டுக்கழியை அவர்கள் எதிர்பார்க்காத நேரத்தில் ஓங்கித் தட்டினால் உடம்பே உதறிப் போகும். சிறு வயதில் போலியோ வந்தவர்கள் களைத்துப் போகும்வரை ஆடக் கூடாது, 'இன்னும் ஒரு தடவை' என்ற நம் வழக்கமான கண்டிப்பு அங்கே கேடு செய்யும். வீல்சேரில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான கவலை தோள். நாளெல்லாம் சக்கரம் தள்ளும் தோளைத்தான் நடனத்துக்கும் கேட்கிறோம்.

எந்த வீல்சேர் வாங்குவது?

ஆஸ்பத்திரியில் பார்க்கிற மடக்கு நாற்காலி அடுத்தவர் தள்ளுவதற்கானது. கனமாக, அகலமாக, யார் உடம்புக்கும் பொருந்தாமல் இருக்கும். அதில் தொடங்கலாம், ஆனால் அதை வைத்து 'என்னால் முடியவில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உடம்பு அளவுக்குச் செய்த ஆக்டிவ் வீல்சேர் தேவை. சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷன் நிறுவனத்தின் நியோஃப்ளை அப்படி ஒன்று, அளவெடுத்துச் செய்து தருகிறார்கள். சக்கரங்கள் மேலே உள்ளே சாய்ந்து, கீழே அகன்று இருந்தால் திரும்புவது எளிது. இடுப்புப் பட்டையும், பின்னால் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரமும் புதியவர்களுக்குக் கட்டாயம்.

டீச்சர் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார். என்ன செய்வது?

பெரும்பாலும் அது வெறுப்பு இல்லை, பயம். விழுந்துவிட்டால் என்ன செய்வது, மற்ற பெற்றோர் என்ன சொல்வார்கள், எனக்குச் சொல்லித்தரத் தெரியுமா என்ற பயம். ஒரு மாதம் பார்க்கலாம் என்று கேளுங்கள். பிள்ளை எதைச் செய்வாள், எதற்கு உதவி வேண்டும் என்பதை அவள் வாயாலேயே சொல்லவிடுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில் கலை வாழ்க்கையை உரிமையாகச் சொல்கிறது. நடன வகுப்புகளில் பங்கேற்க வழிசெய்வதும், கலைப் பாடத்திட்டங்களை மாற்றுத்திறனாளிகளும் படிக்கும்படி திருத்தியமைப்பதும் அரசு மற்றும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. அரசு இசைக் கல்லூரியிலோ பள்ளியிலோ மறுத்தால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேளுங்கள்.

'ஆட வேண்டாம், நட்டுவாங்கம் கற்றுக்கொள்ளட்டும்' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தாளம் தட்டி, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் அருமையான கலை. பிள்ளை ஆசைப்பட்டால் கற்கட்டும். ஆட ஆசைப்படுகிறவளை ஓரத்துக்கு அனுப்பும் வழியாக அது ஆகிவிடக் கூடாது.

பார்ப்பவர்கள் கண்கலங்குகிறார்கள். நல்லதுதானே?

பதம் என்ற அபிநயப் பாடலில் தலைவியின் துயரத்தைப் பார்த்துக் கலங்கினால் நல்லது. ஆடுபவரின் காலைப் பார்த்துக் கலங்கினால் அவர் பிடித்த பாவத்தை நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டெல்லா யங், தானும் வீல்சேரில் இருந்தவர், 2014இல் ஆற்றிய உரையில் இதைத்தான் கண்டித்தார். மாற்றுத்திறனாளிகளை மற்றவர்கள் ஊக்கம் பெறுவதற்கான பொருளாக்கிவிடுகிறார்கள் என்றார்.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் போனால், கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணத்தில் எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். தாளம் எங்கே நழுவியது என்றும் சொல்லுங்கள். எழுதுகிறவர்களும் அப்படியே எழுதுங்கள். மேடையில் தொகுப்பாளர் விபத்துக் கதையை முதலில் வாசிப்பதை நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும்.

அரங்கேற்றம் வைக்க நினைக்கிறோம். மண்டபம் பார்க்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

முதலில் மேடைக்கு எப்படி ஏறுவது என்று கேளுங்கள். 'நாலு பேர் தூக்கிவிடலாம் சார்' என்று கட்டாயம் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். நாற்காலியோடு தூக்கும்போது விழுந்தால் உயிருக்கே ஆபத்து, அலங்காரத்தோடு நாலு பேர் தோளில் போவதை எந்தக் கலைஞரும் விரும்ப மாட்டார். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. மேடை மூன்றடி உயரம் என்றால் முப்பத்தாறு அடி நீளம் வேண்டும், நடுவில் நின்று இளைப்பாறச் சமதளமும் வேண்டும். இவ்வளவு இடம் பக்கவாட்டில் இருக்காது. அப்போது மேடையையே விட்டுவிட்டுத் தரையில் ஆடுவதும், பார்வையாளர்களை மூன்று பக்கமும் உட்கார வைப்பதும் நல்ல வழி. பரதத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரிகள் வீட்டுக் கூடங்களில் நடந்தவைதானே.

அப்புறம் ஒப்பனை அறை எந்த மாடியில், கழிவறைக் கதவு தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம் இருக்கிறதா, தரையில் கம்பளம் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பளத்தில் சக்கரம் ஓடாது, முன்தினமே எடுக்கச் சொல்லுங்கள். பூ அர்ச்சனை செய்த பூக்களையும் சக்கரப் பாதையிலிருந்து கூட்டிவிட வேண்டும். உடையில் விசிறி மடிப்பு சக்கரத்தில் சிக்காமல் தொடையோடு முடியட்டும். விளக்கு போடுபவரிடம் ஒத்திகையின்போதே சொல்லிவையுங்கள்: முகமும் கையும் நின்றவர் உயரத்தில் இருக்காது, விளக்குகளைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும்.